லென்ஸுக்குள் பூஞ்சை

நவம்பர் 11, ஏற்காடு

விடியலில் பிடித்த மழை மாலைவரை விடவில்லை. ஐப்பசி அடைமழை. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேலத்தில் வெறும் தூறல்தானாம். இங்கே சன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வருகிறது. பழுத்த காப்பிப் பழங்கள் உதிர்ந்துவிடுமே என்ற கவலையோடு உட்கார்ந்திருந்தவன், பொழுதுபோகக் காமிராப் பையைத் திறந்தேன்.

அப்பாவின் 50 மி.மீ. லென்ஸ். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில், சிலந்தி வலையைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளை இழைகள் கிளை விட்டிருந்தன. பூஞ்சை. துடைத்தேன், போகவில்லை. உள்கண்ணாடியில் இருக்கிறது. அடிவயிறு கலங்கிவிட்டது.

நவம்பர் 12

மழைதான். தப்பு என்னுடையது. அப்பா வைத்திருந்த தோல் பையிலேயே வைத்திருந்தேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூஞ்சைக்கு அதுவே தீனி. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் லென்ஸ் பிழைக்கும். சுவரில் இருக்கும் ஈரமானி 91 காட்டுகிறது.

இறுக மூடும் டப்பா ஒன்று கிடைத்தது. சிலிக்கா ஜெல் மணிகள் நீலம் போய் இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். இளந்தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. அதனால் சமையலுக்கு ஆகாத ஓட்டை வாணலியில், சன்னலைத் திறந்துவைத்து வறுத்தேன். ஒவ்வொரு மணியாக நிறம் திரும்புவதை அம்மாவும் நின்று பார்த்தார்.

இரவு தம்பி சேலத்திலிருந்து பேசினான். "அண்ணா, நெகடிவ் எல்லாம் எங்கே இருக்கிறது?" என்றான். எனக்குத் தூக்கம் போயிற்று.

நவம்பர் 14

நெகடிவ்கள் பிஸ்கட் டின்னில் இருந்தன. இரண்டு துண்டுகளில் மட்டும் புள்ளிகள். மின்சாரம் இல்லை, மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை, வெள்ளைத் திரைக்குமேல் நாலு டம்ளர், அதன்மேல் கண்ணாடி, அதன்மேல் நெகடிவ். திரையின் புள்ளிகள் படத்தில் விழாமலிருக்க அந்த இடைவெளி வேண்டும். கைப்பேசியில் எடுத்து நிறத்தைத் திருப்பினேன். இணையத்தில் ஏற்றச் சிக்னல் இல்லை. இரண்டு பென் டிரைவில் போட்டேன். ஒன்று நாளை பஸ்ஸில் தம்பிக்குப் போகிறது. லென்ஸையும் சேர்த்து அனுப்புகிறேன், கழற்றித் துடைக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறார். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு படத்தில் அப்பா காப்பிக் களத்தில் நிற்கிறார். சித்தப்பா எடுத்திருக்க வேண்டும். தோளில் அந்தத் தோல் பை. இப்போது அது அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.