எம்டனில் வந்தாரா செண்பகராமன்?

ராயபுரம், மண்ணடிப் பக்கம் வளர்ந்த நமக்கு ‘எம்டன்’ முதலில் ஒரு வசவு, அப்புறம்தான் முதல் உலகப் போரில் சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல். ‘அவன் சரியான எம்டன்’ என்றால் கெட்டிக்காரன், அடாவடிக்காரன், கிட்டே போகாதே என்று எல்லாம் அதில் அடங்கிவிடும். வகுப்பிலும் மேடையிலும் இதோடு ஒட்டியே ஒரு கதை வரும்: அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார், பொதுமக்கள்மேல் படாமல் எண்ணெய் டாங்குகளைக் குறிவைக்கச் சொன்னவரே அவர்தான். இந்தச் சிறப்பு மலருக்குப் பழையதை நினைத்து எழுதச் சொன்னார்கள். இந்தக் கதையைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்குமேல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே சுமார் 3000 கஜத்தில் எம்டன் நின்றது, சர்ச்லைட்டைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் வெளிச்சத்தில் தெரிந்ததும் 10.5 செ.மீ. பீரங்கிகள் முழங்கின. ஏறக்குறைய 130 குண்டுகள். இரண்டு டாங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலிலும் அடி விழுந்தது. குறைந்தது 5 பேர் செத்தார்கள். ஒரு குண்டு ஹைகோர்ட்டு மதில்வரை வந்தது. ‘பொதுமக்கள்மேல் படாமல்’ என்ற பேச்சு இங்கேயே தடுக்கிவிடுகிறது. கேப்டன் ஃபான் முல்லர், திரும்பும்போது இடப்பக்க விளக்குகளை எரியவிட்டு வடக்கே போவதுபோல் காட்டி, பிறகு எல்லாவற்றையும் அணைத்துத் தெற்கே திரும்பினார். எம்டன் என்ற பேர் சும்மா வரவில்லை!

மறுநாள் முதல் ஊர் காலியாகத் தொடங்கியது. மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு ஓட்டம். போர்க்காலத் தணிக்கை வேறு. செய்தி போகாத இடத்துக்கு வதந்தி நடந்தே போய்விடும். முல்லர் நினைத்ததும் அதுதான்: எண்ணெய் எரிவதைவிட, வெள்ளைக்காரன் காவல் இவ்வளவுதான் என்று இந்தியர்கள் பார்க்க வேண்டும். அதனால் ஜெர்மன் கப்பலுக்குள் ‘நம்ம ஆள்’ ஒருவரை உட்காரவைக்க இடம் தயாராகவே இருந்தது.

அந்த இடத்துக்குச் செண்பகராமன் கச்சிதமாகப் பொருந்தினார். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். ஜெர்மன் அரசோடு சேர்ந்து பிரிட்டிஷாருக்கு எதிராக வேலை செய்தது உண்மை. ஆண்டும் 1914 தான். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரு ‘அதனால்’ போட்டால் போதும், மூன்றாவது தானே பிறந்துவிடும். விடுதலைக்குப் பிறகு, ஆயுதம் ஏந்திய தமிழ் வீரர் ஒருவரைத் தேடிய மேடைகள் அதற்கு மெருகேற்றின.

தேதிகளை வரிசைப்படுத்தினால் கதை நிற்காது. எம்டன் ஜூலை கடைசியில் சீனாவின் சிங்டாவை விட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கின் பாகன் தீவில், அட்மிரல் ஃபான் ஸ்பே தலைமையிலான ஜெர்மன் கடற்படைப் பிரிவை விட்டுப் பிரிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வங்கக்கடலுக்குள் நுழைந்துவிட்டது. செண்பகராமனோ அந்த மாதம் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில், அக்டோபரில் பெர்லினில். நடுக்கடலில் ஓடும் கப்பலில் அவர் எங்கே ஏறியிருப்பார்?

இதைச் சொன்னால் தியாகியைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபிப்பார்கள். பெர்லினில் அவர் செய்த வேலைக்குக் கப்பல் டிக்கெட் தேவையே இல்லை என்பது என் கட்சி.

லீவில் வருகிறவர்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கி ஹைகோர்ட்டின் கிழக்கு மதிலோரம் நடந்து பாருங்கள். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கப்பலின் பேரும் தேதியும் உண்டு. செண்பகராமன் பேர் இல்லை.