பாதிப் படம் நீரில் இருக்கிறது

நீர்க்கரையில் நின்று நகரத்தைப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் நான் எடுத்தவற்றை, அண்மையில் ஒரே அமர்வில் வரிசையாகத் திரும்பப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஒரே பிழை இருந்தது. கட்டடங்கள் தெளிவாக இருக்கின்றன, விளக்குகள் அளவாக எரிகின்றன, வானத்தின் நிறமும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி தார் பூசிய தரையைப்போல் கிடக்கிறது, அதில் விழுந்த கோபுரங்களின் பிம்பங்களும் தலையற்று நிற்கின்றன. அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்த நான், காலடியில் இருந்த நீரைப் பார்க்கவே இல்லை.

பிம்பம் தலையிழப்பதற்குக் காரணம் நாம் நிற்கும் இடம். அசைவற்ற நீரில், தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தின் உச்சி அடிவானத்துக்கு எத்தனை பாகை மேலே தெரிகிறதோ, அதன் பிம்பத்தின் உச்சி ஏறத்தாழ அத்தனை பாகை கீழே தெரியும். அதாவது, கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அதன் பிம்பத்தின் நுனி நம் காலை நோக்கி வந்து விழுகிறது. நடைபாதையின் நடுவில் டிரைபாடை நிறுத்தினால், முன்னால் உள்ள தடுப்புச் சுவரும் பாதையின் விளிம்பும் சரியாக அந்த நுனியைத்தான் மறைக்கும். நான்கடி முன்னே சென்று விளிம்பை ஒட்டி நின்றாலே முழுப் பிம்பமும் கிடைத்துவிடும். அதைப் படச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால் கரைக்கோட்டைப் படத்தின் நடுவில் வைக்க வேண்டியிருக்கும். முக்கியக் கோட்டைப் படத்தின் நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில் வை என்னும் விதியைக் கற்றவர்களுக்கு இது உறுத்தலாக இருக்கலாம். பிம்பம் முழுமையாக இருக்கும் நாளில் அந்த விதியை நான் தயங்காமல் விட்டுவிடுவேன்.

நேரம் பற்றிய என் கணக்கையும் நீர்தான் மாற்றியது. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கும்வரை உள்ள அந்திப் பொழுது, நிலநடுக்கோட்டுக்கு அருகே இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும்; வடக்கே செல்லச் செல்ல, சூரியன் சாய்வாக இறங்குவதால், அது நீளும். செக்கர் மறைந்து கருக்கல் கூடும்போது வானம் ஆழ்ந்த நீலமாவதில் ஓசோன் படலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சாய்வாக வரும் ஒளி அப்படலத்தினூடே நெடுந்தூரம் பயணிக்கையில், அதன் மஞ்சளும் செம்மஞ்சளும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. வானத்து நீலமும் சன்னல் விளக்குகளும் ஒரே அளவு ஒளியில் நிற்கும் கணத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம். ஆனால் நீர், தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. நேர்க்குத்தாகக் குனிந்து பார்க்கும்போது சுமார் 2 சதவீதத்தையே திருப்புகிறது. பார்வை சாயச் சாய அது கூடும். தொலைவில் உள்ள நீர் வெளிச்சமாகவும் காலடி நீர் கருப்பாகவும் தெரிவது இதனால்தான். ஆகவே இருள் வானத்தில் விழுவதற்கு முன்பே நீரில் விழுந்துவிடுகிறது. வானம் தன் உச்ச நிறத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தே பல ஆண்டுகள் நீரை இழந்தேன். இப்போது, வானம் இன்னும் சற்று வெளுப்பாக இருக்கிறதே என்று மனம் தயங்கும் அந்த ஐந்து நிமிடங்களில்தான் என் படங்களில் பெரும்பாலானவற்றை எடுக்கிறேன்.

நகரம் நீருக்குக் கிழக்கே இருந்தால் மாலையில் அதன் கண்ணாடிச் சுவர்கள் பொன்னாகும். பிறகு பூமியின் நிழல் கருநீலப் பட்டையாகவும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றாகவும், கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து எழும். மேற்கே இருந்தால் நிழலுருவங்கள் கிடைக்கும். இரண்டில் எனக்குப் பிடித்தது முதலாவதுதான்.

அலைகளையும் எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. சிற்றலை உள்ள நீரில் ஒவ்வொரு விளக்கின் பிம்பமும் நம்மை நோக்கி நீண்ட ஒளித்தூணாக இழுபடுகிறது. ஷட்டரை அரை நிமிடத்துக்கு மேல் திறந்து வைத்தால் அத்தூண்கள் பாலாடைபோல் வழவழத்துப்போய், நீர் என்ற எண்ணமே அற்றுவிடுகிறது. ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் 100, அப்பர்ச்சர் என்னும் லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் இரண்டு முதல் நான்கு நொடி என்பதே எனக்கு நிறைவளிக்கும் அளவு. அலையின் தழும்பு அதில் மிஞ்சியிருக்கும். விளக்குகளில் நட்சத்திரக் கதிர்கள் வர வேண்டும் என்பதற்காக அப்பர்ச்சரை எஃப் 16 வரை சுருக்குவோர் உண்டு. நூற்றுக்கணக்கான விளக்குகள் உள்ள கரையில் அத்தனையும் முள்ளாகக் குத்துவதோடு, சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் மொத்தக் கூர்மையும் குறைந்துவிடும்.

கூர்மை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, 1848ஆம் ஆண்டு செப்டம்பரில் சார்லஸ் ஃபான்டெய்ன், வில்லியம் போர்ட்டர் ஆகிய இருவரும் ஒஹையோ ஆற்றின் அக்கரையிலிருந்து எடுத்த, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தின் அகலப் படம். வெள்ளி பூசிய எட்டுச் செப்புத் தகடுகளில் பதிந்த அந்தக் காட்சியை நம் காலத்தில் நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, கோபுரக் கடிகாரம் காட்டும் நேரத்தைக்கூடப் படிக்க முடிந்தது. ஆற்றின் அகலம் முழுவதையும் தாண்டி, ஒரு கடிகார முள் அசையாமல் வந்து தகட்டில் அமர்ந்திருக்கிறது!

என் படங்களில் அப்படி அமராததற்கு நெடுநாள் லென்ஸைக் குறை கூறினேன். பிறகுதான் மரப் பலகைத் துறையில் நின்று எடுத்த ஒரு படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு சன்னலும் அருகருகே இரண்டாக இருந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் கீழே காற்புள்ளிபோல் ஒரு சிறு வால் தொங்கியது. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் என் பின்னால் யாரோ நடந்திருக்கிறார். அந்த நடை பலகை வழியே டிரைபாடின் கால்களுக்கு ஏறியிருக்கிறது. மிதக்கும் துறையானால் நிலைமை இன்னும் மோசம். அது நீரோடு சேர்ந்து எப்போதும் அசையும். இப்போது கல்லும் கான்கிரீட்டும் உள்ள இடமாகத் தேடி நிற்கிறேன், டிரைபாடின் நடுக்கம்பியை உயர்த்துவதில்லை, இரண்டு நொடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுகிறேன். உப்புநீர்க் கரையானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸைத் துடைக்கிறேன், வீடு திரும்பியதும் டிரைபாடின் மூட்டுகளை நன்னீரில் கழுவுகிறேன்.

சென்ற வாரம் எல்லாம் கூடிவந்த வேளையில் ஒரு படகு குறுக்கே போயிற்று. அதன் அலை கரையில் மோதித் திரும்பி, மறுபடியும் மோதி, ஒளித்தூண்களை எல்லாம் கலைத்துப் போட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் ஓரத்து விளக்குகளின் தூண்கள் சேர்ந்தன. பிறகு நடுவில் உள்ளவை. உயரமான கோபுரத்தின் பிம்பம் கடைசியாக, நுனிவரை, என் காலருகே வந்து நின்றது.