ஷூ டப்பாவும் ஃபோல்டரும்

ஜனவரிக் கடைசியில் வரி சீசன் தொடங்கியதும், அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருக்கும் எங்கள் வரிக்கணக்கு அலுவலகத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒரு வருட ரசீதுகளை ஷூ டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்ப்பவர்கள் ஒரு வகை. மாதவாரியாகப் பிரித்து, கிளிப் போட்டு, ஃபோல்டரில் அடுக்கி வருபவர்கள் இன்னொரு வகை. 2014ல் வேலைக்குச் சேர்ந்தபோது, ஷூ டப்பா மெக்சிகோ கூலித் தொழிலாளிகளுடையதாகவும் ஃபோல்டர் பாகிஸ்தான் கடை முதலாளிகளுடையதாகவும் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இரண்டே வாரத்தில் அந்த நினைப்பு தலைகீழானது. இரண்டு கேஸ் ஸ்டேஷன் (நம் ஊர் பெட்ரோல் பங்க்) வைத்திருப்பவர் கறை படிந்த டப்பாவோடு வந்தார். கூரை போடும் தொழிலாளியின் மனைவி கொண்டுவந்த ஃபோல்டரில் 2003லிருந்து வாடகை ரசீது, கரண்ட் பில், குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாம் வருட வரிசையில் இருந்தன.

தடுப்பூசி அட்டை வரிக்கணக்குக்கு எதற்கு என்று முன்மேசையில் இருந்த சக ஊழியரிடம் கேட்டேன். அவர் எல் சால்வடாரில் பிறந்தவர். "வரிக்கு இல்லை. நாளைக்கே ஒரு சட்டம் வந்து, இத்தனை வருடம் இங்கேதான் இருந்தாயா என்று கேட்டால் எதைக் காட்டுவாள்?" என்றார். வெறும் கனவு இல்லை அது. 1986ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் இப்படிக் காகிதம் காட்டித்தான் சட்டப்படியான குடியேறிகள் ஆனார்கள். சிறு வயதில் கூட்டிவரப்பட்டவர்களுக்கு 2012ல் ஒபாமா வேலை அனுமதி கொடுத்தபோதும், 2007 ஜூனிலிருந்து தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. கேஸ் ஸ்டேஷன்காரருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் எப்போதோ அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார்.

எங்கள் அலுவலகம் இருப்பது ஹூஸ்டனின் தென்மேற்கில், ஹில்கிராஃப்ட் சாலைப் பக்கம். இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் கடை வைத்திருக்கும் பகுதி. 2010ல் இதற்கு மகாத்மா காந்தி பெயரை வைத்தார்கள். அந்தப் பெயருக்குக் கீழேயே நிஹாரி என்ற இறைச்சிக் குழம்புக் கடைகள் மணக்கும். காரில் கொஞ்ச தூரம் போனால் கல்ஃப்டன். 1970களில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த கல்யாணமாகாத இளைஞர்களுக்காக நீச்சல் குளம் எல்லாம் வைத்துக் கட்டிய அபார்ட்மென்ட்கள் அங்கே வரிசையாக நிற்கும். 80களில் எண்ணெய் விலை விழுந்ததும் அவை காலியாயின. உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த எல் சால்வடார், குவாத்தமாலா மக்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு முதலாளி வரி அலுவலகம் திறந்தால் வாடிக்கையாளர்கள் யாராக இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் ஆம்பூர்க்காரி, பி.காம். எங்கள் தெருவில் கேட்டுக் கேட்டு வந்த உருதுதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. கராச்சியில் பிறந்த முதலாளி என் தக்கனி உருதைக் கேட்டு நேர்காணலிலேயே சிரித்தார், ஆனால் வேலை கொடுத்தார். பாகிஸ்தான் வாடிக்கையாளர்களுக்கு நான் 'பாஜி', அதாவது அக்கா. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு 'கொந்ததோரா', கணக்கர் அம்மா. ஒருவர் உறவு சொல்லிக் கூப்பிட்டுக் கட்டணத்தில் பேரம் பேசுவார், இன்னொருவர் பட்டம் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதை எண்ணி வைப்பார். இத்தனை சீசனாக இது மாறவில்லை.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசாத நாள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. எண்ணிக்கையில் பார்த்தால் ஒப்பீடே சரியில்லை. ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்ட ஹிஸ்பானிக் என்பவர்கள் இந்த நாட்டில் 6 கோடிக்கும் மேல், பாகிஸ்தான் வம்சாவளியினர் சில லட்சம்தான். அதிலும் ஹிஸ்பானிக் என்பது இருபது நாட்டுக்காரர்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. 2023 சென்சஸ் கணக்கில் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 80,610 டாலர், ஹிஸ்பானிக் குடும்பங்களுக்கு 65,540. பாகிஸ்தானியக் குடும்பங்கள் நாட்டின் இடைநிலைக்கு மேலே இருக்கிறார்கள். வயது வந்தவர்களில் பாதிக்கு மேல் பட்டதாரிகள். முதலாளி இதை அடிக்கடி சொல்வார். "எங்கள் ஆட்கள் படிப்புக்கு முக்கியத்துவம் கொடுப்பார்கள்" என்று முடிப்பார்.

எனக்கு அந்த முடிவு ஒட்டவே இல்லை. காரணம், இங்கே வருவதற்கு முன்னால் நான் பார்த்த பாகிஸ்தானியர்கள்.

கணவருடைய வேலைக்காக 2011ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒன்றரை வருடம் இருந்தோம். அங்கே ஒரு சின்ன அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலை பார்த்தேன். அப்போது அந்த ஊரில் ஐந்தில் ஒருவர் பாகிஸ்தான் வம்சாவளி. பெரும்பாலோர் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்புர் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். 1960களில் அங்கே மங்களா அணை கட்டியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நிலம் இழந்தார்கள். அதில் பலருக்குப் பிரிட்டன் போக வழி கிடைத்தது. அந்த நேரம் பிராட்ஃபோர்டு இருக்கும் யார்க்ஷயரின் கம்பளி மில்களுக்கு இரவு ஷிஃப்டுக்கு ஆள் தேவை. வந்தார்கள், பத்துப் பதினைந்து வருடம் உழைத்தார்கள், அப்புறம் 70களிலும் 80களிலும் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா மில்லில், மகன் டாக்ஸியில். நான் பார்த்த பட்டியல்களில் பேரன்மார் கோழி வெட்டும் தொழிற்சாலையிலும் கிடங்கிலும் இருந்தார்கள். படிப்புக்கு முக்கியத்துவம் கொடுக்கும் குணம் பாகிஸ்தானில் பிறந்தாலே வந்துவிடுமென்றால், பிராட்ஃபோர்டு விமானத்தில் ஏறும்போது அது எங்கே இறங்கிக்கொண்டது?

இதை ஒருநாள் டீ நேரத்தில் முதலாளியிடம் சொன்னேன். கல்ஃப்டன் மெக்சிகோக்காரருக்கு அண்ணன் தம்பி பிராட்ஃபோர்டில்தான் இருக்கிறார்கள், உங்கள் பக்கத்து வீட்டு டாக்டர் இல்லை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "அவர்கள் மிர்புரிகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நம் ஊரில் இந்தத் தொனியைக் கேட்டிருக்கிறேன்.

யார் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பதைப் பார்க்காமல் குணத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1942லிருந்து 1964வரை 'பிராசெரோ' என்ற ஏற்பாட்டில் மெக்சிகோ விவசாயக் கூலிகளை ஒப்பந்தம் போட்டு அமெரிக்காவே கூப்பிட்டுக்கொண்டது. நாற்பது லட்சத்துக்கு மேல் ஒப்பந்தங்கள். 1964ல் அதை நிறுத்தினார்கள். அடுத்த வருடமே வந்த 1965 குடியேற்றச் சட்டம் ஆசியாவுக்குப் பூட்டியிருந்த கதவைத் திறந்தது. டாக்டர், இன்ஜினியர் என்று தேர்ந்தெடுத்து உள்ளே விட்டது. அதே சட்டம்தான் அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு முதல்முறையாக உச்சவரம்பு போட்டது. லாகூர் கிங் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்தவருக்கு விசா கொடுத்த அதே கையெழுத்து, வருடா வருடம் தக்காளி பறிக்க வந்துபோன ஆளைச் சட்டவிரோதி ஆக்கியது. வேலை மட்டும் அப்படியே இருந்தது, ஆட்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்கும் படிப்பு கேட்காத வேலைக்கென்று ஒதுக்கிய பச்சை அட்டை (கிரீன் கார்டு) உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000க்கு மேல் கிடையாது. "வரிசையில் நின்று வந்திருக்கலாமே" என்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்வேன். நானும் கணவரும்கூட அந்த 1965 கதவு வழியாக வந்தவர்கள்தான். இதில் எங்கள் சாமர்த்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

பிராட்ஃபோர்டில் இருந்தவர்கள் கையில் காகிதம் இருந்தது, ஓட்டும் இருந்தது, வேலைதான் போய்விட்டது. கல்ஃப்டனில் வேலை இருக்கிறது, காகிதம் இல்லை. இரண்டில் எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காகிதம் இல்லாதவர் வரி கட்டுவாரா என்று சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். கட்டுவார். சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காதவர்களுக்காகவே 1996லிருந்து 'ஐடின்' என்று ஒன்பது இலக்க எண் கொடுக்கிறார்கள், 9ல் தொடங்கும். கூரை போடுகிறவர் சுயதொழில் கணக்கில் 15.3 சதவீதம் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாகக் கட்டுவார். அந்த ஓய்வூதியம் அவருக்குக் கிடைக்காது. ஏழைத் தொழிலாளிகளுக்கு அரசு திருப்பித் தரும் வரிச் சலுகையும் கிடையாது. ஒரு வீட்டில் மூத்த மகள் மெக்சிகோவில் பிறந்தவள், இளையவன் ஹூஸ்டனில் பிறந்தவன். 2018லிருந்து பல வருடம் அவனுக்கு 2,000 டாலர் சலுகை, அவளுக்கு 500. அந்த 500ஐ நான் தட்டச்சு செய்யும்போது அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு மொழிபெயர்ப்பதே அவள்தான்.

ஒரே ஒரு விதியில் மெக்சிகோக்காரருக்கு யோகம் இருந்தது. 2017வரை, மெக்சிகோவிலோ கனடாவிலோ இருக்கும் அம்மாவின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் அனுப்பினால், அவரைச் சார்ந்தவராகக் காட்டி வருமானத்தில் 4,050 டாலர் கழிக்கலாம். கராச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அதே பணத்தை அனுப்பினால் ஒரு பைசா கழியாது. எல்லையை ஒட்டிய நாட்டு அம்மாக்களுக்கு மட்டுமான விதி. கேஸ் ஸ்டேஷன்காரர் இதைக் கேட்டு உண்மையிலேயே கோபப்பட்டார். ஊரில் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த ஜகாத்தையாவது தர்மக் கணக்கில் போடுங்கள் பாஜி என்றார். அதற்கும் வழியில்லை, அமெரிக்காவில் பதிவான தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களில் மனைவிக்கும் ஒரு வருமானம் இருக்கும்: வீடு சுத்தம் செய்வது, குழந்தை பார்த்துக்கொள்வது, வார இறுதியில் தமாலே விற்பது. பாகிஸ்தான் குடும்பங்களில் மனைவியின் தொழில் என்ற கட்டத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதச் சொல்வார்கள். நானும் மூன்று சீசன் அப்படியே எழுதினேன். நாலாவது சீசனில் ஒரு கடைக்காரரிடம் லாட்டரி கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். அவர் விழித்தார். ஓரமாகக் கைப்பையோடு உட்கார்ந்திருந்த மனைவி, ஐந்து சதவீதம் என்பதோடு நிற்காமல், மாதவாரியாக மொத்தத் தொகையையும் சொன்னார். மதியம் மூன்றிலிருந்து இரவு பத்துவரை கல்லாவில் நிற்பது அவர்தான். சம்பளம் கிடையாது. சூதாட்டச் சீட்டு விற்கும் கையால் நமாஸ் செய்கிறோமே என்ற வருத்தமும் அவருக்குத்தான்.

அந்த அம்மாவுக்குக் காகிதம் இருக்கிறது, ஓய்வூதியம் வாங்கும் தகுதியும் உண்டு. ஆனால் சம்பளமே காட்டாததால் அவர் பெயரில் ஒரு காசு சேரவில்லை. கணவர் கணக்கிலிருந்து கிடைக்கும் பங்குதான். கூரைக்காரர் மனைவியோ வீடு சுத்தம் செய்த பணத்தில் வருடா வருடம் ஒழுங்காகக் கட்டுகிறார், அவருக்கு வாங்கும் தகுதி இல்லை. ஒரு பிப்ரவரி சாயங்காலம் இவர்கள் இருவரும் என் மேசைக்கு முன்னால் அடுத்தடுத்த நாற்காலியில் காத்திருந்தார்கள். பேசிக்கொள்ள மொழி இல்லை. கைப்பேசியில் பேரக்குழந்தை படங்களைக் காட்டிக்கொண்டார்கள். கடைக்காரரிடம் மனைவிக்குச் சம்பளம் போடச் சொல்லி நான் நான்கு முறை சொல்லிவிட்டேன். "வீட்டுப் பணம் வீட்டிலேயே சுற்றுகிறது, அதற்கு எதற்கு வரி?" என்பதுதான் பதில்.

சேமிப்பில் மட்டும் மூன்று தரப்பும் ஒன்று. பாகிஸ்தானியர்கள் 'கமேட்டி' போடுவார்கள், மெக்சிகோக்காரர்கள் 'தாந்தா' போடுவார்கள்; இரண்டும் நம் குலுக்கல் சீட்டுதான். பத்துப் பேர், மாதம் 500, முறை வைத்து மொத்தமாக எடுப்பது. ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது. வட்டி வேண்டாம் என்பதால் இவர்களுக்கு, வங்கி பக்கம் போகத் தயங்குவதால் அவர்களுக்கு. ஏலச்சீட்டை நான் விளக்கியபோது, அவசரக்காரன் வயிற்றில் அடித்து மற்றவர்கள் லாபம் பங்கு போடுவதா என்று இரண்டு தரப்பும் முகம் சுளித்தது.

பயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 2002ல் பாகிஸ்தான் உட்பட முஸ்லிம் நாடுகள் பலவற்றிலிருந்து தற்காலிக விசாவில் வந்த ஆண்களை அழைத்துக் கைரேகை வாங்கிப் பதிவு செய்தார்கள். 13,000க்கும் மேற்பட்டோர்மீது நாடுகடத்தல் வழக்கு. முதலாளி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசமாட்டார். மைத்துனர் ஒருவர் கனடாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்பது மட்டும் தெரியும். என் சால்வடார் தோழி 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கிறார். பெரும்பாலும் 18 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கால் நூற்றாண்டாகத் தற்காலிகம்.

2025 ஏப்ரலில், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வரித்துறை தன்னிடமுள்ள விவரங்களைக் குடியேற்ற அமலாக்கத் துறையோடு பகிர ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அன்று மதியம் முன்பதிவு செய்திருந்த ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் கூரைக்காரர் மனைவி. ஃபோல்டர் எப்போதும்போல் தடிமனாக இருந்தது. கணக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது, சட்டம் கொடுக்கச் சொல்கிறது, இப்படி ஒரு செய்தியும் வந்திருக்கிறது என்று தோழி மூலம் விளக்கினேன். அவர் மகளைப் பார்த்தார், மகள் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கமாக ஒரு நகல் கேட்பவர் அன்று இரண்டு கேட்டார். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று சான் அன்டோனியோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. தோழி ஃபோல்டரை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனார். தடுப்பூசி அட்டையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை.