ஞானஸ்நானச் சான்றிதழோடு வந்த அப்பா

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று சேர்க்கை முடிவு வந்த மறுநாள், காலை ஏழரைக்கே எங்கள் பள்ளி ஆபீஸ் வாசலில் மேல்முறையீட்டுக்காகப் பெற்றோர் நிற்பார்கள். கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. நானோ வெள்ளிக்கிழமை தவறாமல் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போகிறவள். பதினேழு வருடமாக அந்தக் கவுண்டர்தான் எனக்கு.

ஒரு டிசம்பரில் ஒருவர் பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து மகனின் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. “சிஸ்டர், லூர்து மாதா கோவில் தமிழ்ப் பூசைக்கு ஒரு வாரம் தவறினதில்ல நாங்க” என்றார். (பிரதர்கள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய பள்ளியில் நான் சிஸ்டர்!) தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் பையனின் புள்ளி 12. எங்கள் கட்-ஆஃப் 10. புள்ளி குறைந்தால்தான் இங்கே நல்லது.

தொடக்கநிலை 1 சேர்க்கையில், 2பி என்ற பதிவுக் கட்டத்தில், தேவாலயத் தொடர்பு உதவும். உயர்நிலையில் மதத்தைக் கேட்பதே இல்லை. புள்ளி சமமானால் குடியுரிமை, அப்புறம் விருப்ப வரிசை, கடைசியில் கணினிக் குலுக்கல். சொன்னேன். “போர்டுல யாரையாவது பாக்கலாமா?” என்றார்.

எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. சபை நியமித்த நிர்வாகக் குழு உண்டு. பள்ளியின் கத்தோலிக்க மரபு, கட்டட நிதி இதெல்லாம் அவர்கள் கவலை. ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சுடையது. செயின்ட் ஜோசப்ஸ் போன்ற தனித்தியங்கும் பள்ளியில் ஆளுநர் குழுவின் கை இன்னும் நீளம், கட்டணம்கூட அவர்கள் வைப்பதுதான். ஆனாலும் திறமை பார்த்து முன்கூட்டியே எடுக்கும் நேரடிச் சேர்க்கை போக மிச்ச இடத்துக்கு அங்கேயும் புள்ளிதான். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரே அண்ணன் மகனுக்காக வரிசையில் நின்று, இதே மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினார். இடம் கிடைக்கவில்லை.

அந்த அப்பா சான்றிதழை உள்ளே வைக்கும்போது மடங்காமல் ஃபைலைப் பிடித்துக்கொண்டது பையன்தான். வாயே திறக்கவில்லை.

எனக்கு உறுத்துவது அதுவல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா ஃபோனில், “உங்க பள்ளிய ரெண்டாவதா போடலாமா?” என்றார். “உங்க இஷ்டம்தாம்மா” என்றுவிட்டேன். எங்கள் பள்ளியோடு இணைந்த தொடக்கப்பள்ளியில் படித்த பையன் அவருடைய மகன். முதல் விருப்பமாகப் போட்டால்தான் அப்படிப்பட்ட பிள்ளைக்கு முன்னுரிமை. முடிவு வந்தபின் அந்த அம்மா நேரில் வந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. 2019 முதல் 20 விழுக்காடு இடம் வெளிப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியபின் இது இன்னும் இறுக்கம்.

இப்போது யார் அழைத்தாலும், அவர்கள் வாய் திறக்குமுன் கேட்டுவிடுகிறேன்: “தம்பி எந்தத் தொடக்கப்பள்ளி?”