ஆடி முடியும் வரை இந்த ஆம்ப்

ஜூலை 19

செய்யாறு கச்சேரியில் மேடையிலேயே என் கிட்டார் ஆம்ப் மக்கர் பண்ணியது. எதிரொலி தருகிற ரிவெர்ப் செத்தது, சத்தத்தின் குணத்தை மாற்றுகிற சேனல் மாறவில்லை, சத்தமும் விழுந்தது. அது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

ஜூலை 20

மதியம் முழுக்க வீட்டில் வாசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரிவெர்ப் அப்படியே இருக்கிறது, சேனலும் ஒழுங்காக மாறுகிறது. எனக்குப் பயமே இதில்தான். ஒரேயடியாகப் படுத்துவிட்ட ஆம்ப்பை ரிப்பேருக்குக் கொடுத்துவிடலாம். மேடையில் மட்டும் மக்கர் பண்ணிவிட்டு வீட்டில் ஒழுங்காகப் பாடுவதை என்ன சொல்லிக் கொடுப்பது?

கோளாறு எஃபெக்ட்ஸ் லூப்பில் இல்லை. சத்தத்தை 'சென்ட்' ஜாக்கில் வெளியே எடுத்து, பெடல் வழியாக 'ரிட்டர்ன்' ஜாக்கில் திரும்ப உள்ளே விடுகிற வழி அது. ரிட்டர்ன் ஜாக்கின் காண்டாக்டில் அழுக்கேறினாலும் சத்தம் இப்படித்தான் விழும். சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிள் போட்டால் திரும்பிவிடும். அன்று மேடையிலேயே போட்டேன், திரும்பவில்லை.

ஜூலை 22

ஆர்கெஸ்ட்ரா லீடர் அண்ணன் போன். "தம்பி, மல்டி எஃபெக்ட்ஸ்ல இருந்து நேரா மிக்ஸருக்குக் கொடுத்துடேன். அந்தப் பெட்டியை எதுக்குத் தூக்கிட்டு அலையிறே?"

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்டர்லூடில் கிட்டார் அறுந்தால் கூட்டம் அவர் முகத்தைத்தான் பார்க்கும். ஆனால் ஆம்ப்புக்குள் இருக்கிற கண்ணாடிக் குழாய், அந்த வால்வு, சூடேறிய பிறகு விரலுக்குக் கிடைக்கிற பிடி மானிட்டரில் எனக்குக் கிடைப்பதில்லை. மெல்லத் தொட்டால் தெளிவாக, அழுத்தினால் கரகரப்பாக, நடுவில் எந்த பெடலையும் மிதிக்காமல். அதற்காகத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

"ஆடி முடியட்டும் அண்ணே" என்றேன்.

ஜூலை 24

ரிச்சி தெருப் பக்கம் போய், வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். "சூடானாத்தான் வருதுன்னா சூடாக்கித்தான் பார்க்கணும்" என்று ஹேர் டிரையரைப் போர்டு மேல் காட்டினார். கொஞ்ச நேரத்தில் ரிவெர்ப் செத்தது. செய்யாறில் கேட்ட அதே சாவு. மூங்கில் குச்சியால் ஒவ்வொரு பாகமாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் நிற்கிற இரண்டு வெள்ளை ரெசிஸ்டர்கள், 470 ஓம், 5 வாட். அவற்றைத் தொட்டதும் கரகரவென்று போய்ப் போய் வந்தது.

பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால் அதை இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். போர்டைத் திருப்பி லென்ஸைக் கொடுத்தார். ரெசிஸ்டர் காலைச் சுற்றி ஈயத்தில் மெட்டி மாதிரி வட்டமாக ஒரு கருப்புக் கோடு. டிரை சோல்டர், ஈயம் பிடிப்பு விட்ட ஜாயின்ட். ரிவெர்ப்புக்கும் சேனல் மாற்றத்துக்கும் கரன்ட் இந்த இரண்டு வழியாகத்தான் போகிறது. சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, வேனில் குலுங்கி விட்டுப்போயிருக்கிறது. புது ரெசிஸ்டர் போட்டு, காற்றோட்டத்துக்காகப் போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி, புது ஈயம் வைத்தார்.

பாக்கி இருக்கிற ஜாயின்ட்டுகள்?

ஜூலை 25

தூக்கம் இல்லை. அந்தப் போர்டில் எத்தனை கால்கள்.

ஜூலை 28

இன்றைக்குக் கச்சேரிக்கு மீட்டரை எடுத்துப் போனேன். ஜெனரேட்டர் லைனில் 258 வோல்ட். சீரியல் செட் அணைந்தால் இன்னும் ஏறுகிறது. 230க்குச் செய்த ஆம்ப் இது. 6.3 வோல்ட் வேண்டிய வால்வு ஹீட்டருக்கு 7 போகிறது. வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு ஏறினாலே ரெசிஸ்டரில் சூடு கால் பங்கு ஏறிவிடும். வீட்டில் ஏன் வரவில்லை, மேடையில் ஏன் வந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஜெனரேட்டர் அண்ணனிடம் காட்டினேன். "டியூப்லைட்டெல்லாம் நல்லாத்தானே எரியுது தம்பி."

ஜூலை 29

ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1

ரிகர்சல் ஸ்டுடியோவில் ரோலண்ட் ஜே.சி. 120 சும்மா இருந்தது, வாசித்தேன். 1975இல் வந்த மாடல், இன்னும் செய்கிறார்கள். வால்வே கிடையாது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 60 வாட் வீதம். சுவிட்சைப் போட்டால் பாடும், அணைத்தால் நிற்கும். அதன் முன்னால் இருந்தவரை நிம்மதியாக இருந்தேன் என்பது உண்மை. அழுத்தி வாசித்தபோது அது எனக்குப் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கச்சேரி இல்லை. ஸ்பேர் பை கட்டினேன்: ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், ஸ்பீக்கரை ஓட்டுகிற 6எல்6 வால்வு ஒரு ஜோடி, கிட்டார் சத்தத்தை முதலில் பெருக்குகிற ப்ரீஆம்ப் வால்வு ஒன்று, ஸ்பீக்கர் கேபிள். ஸ்பீக்கர் கேபிள்தான் முக்கியம். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும், அதைத் தெருவில் தேடி வாங்க முடியாது. கிட்டாரை நேராக மிக்ஸருக்குக் கொடுக்க உதவுகிற டி.ஐ. பாக்ஸையும் வைத்தேன். அண்ணனுக்காக.

ஆகஸ்ட் 5

ஆற விடாமல் வேனில் ஏற்றப் பார்த்தார்கள். சத்தம் போட்டுவிட்டேன். சூடாக இருக்கிற வால்வு குலுங்கினால் உள்ளே இருக்கிற கம்பி தாங்காது என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 8

திண்டிவனம். ஸ்டெபிலைசர் முள் 230இலேயே நின்றது. ரிவெர்ப் கடைசிப் பாட்டு வரை இருந்தது, ஒரு இடத்திலும் சத்தம் விழவில்லை. அண்ணன் இறங்கும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார், பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் மூன்றாவது பாட்டில் நான் வாசிக்காதபோது ஒரு 'டப்' கேட்டது. தவில்காரருக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்டது. நாளைக் காலையில் முதல் ப்ரீஆம்ப் வால்வை மாற்றிப் பார்க்க வேண்டும்.