ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச்: தலைக்கு மேலே இருக்கும் தேக்கு

ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குள் போகிறவர்கள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்ப்பார்கள், மேற்குச் சுவரில் இருக்கும் கடைசி இராப்போஜன ஓவியத்தின் முன் கொஞ்சம் நிற்பார்கள், வெளியே வந்துவிடுவார்கள். இரண்டும் அழகானவைதான். ஆனால் இந்த ஆலயத்தில் வயதில் மூத்தது தலைக்கு மேலே போகும் உத்திரம். அது கட்டடத்தை விடப் பழையது.

1829 ஏப்ரல் 23 அன்று, நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாளாகக் கொண்டாடிய தினத்தில், சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். கட்டியவர் கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட். 1830 நவம்பர் 5 அன்று கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர் பிரதிஷ்டை செய்தார். 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று மக்களுக்குத் திறந்தார்கள். ரயில் ஊட்டிக்கு வந்ததே 1908இல்தான். அதற்கு ஏறக்குறைய 80 வருஷம் முன்பு, 18 மாதத்தில் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது.

மரம் எங்கிருந்து வந்தது? ஊட்டி உயரத்தில் தேக்கு வளராது. சோலை மரங்கள் குட்டையாக, கோணலாக வளர்பவை; நீள உத்திரத்துக்கு ஆகாது. யூகலிப்டஸ் அப்போது மலைக்கே வரவில்லை. அதனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்த மரத்தைக் கொண்டுவந்தார்கள். யானைகள் இழுத்து வந்ததாக இங்கே சொல்வார்கள். தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ. ஓரடிக்கு ஓரடி கனத்தில் 20 அடி உத்திரம் என்றால் சுமார் 360 கிலோ வரும். மலைப்பாதையில் அதை ஏற்றியதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

பழைய மரம் என்பது இதில் குறை இல்லை, லாபம். புதிதாக அறுத்த மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். அரண்மனையில் பல வருஷம் காய்ந்த மரம் இதையெல்லாம் முடித்துவிட்டே வந்தது. தேக்கு வைரத்தில், அதாவது முற்றிய நடுக்கட்டையில், எண்ணெய்ப் பசை இருப்பதால் கறையானும் லேசில் தொடாது.

அப்படியானால் இத்தகைய உத்திரம் எங்கே கெடும்? சுவருக்குள் புகுந்திருக்கும் அந்த முக்கால் அடி, ஓரடியில். கூரை ஒழுகினாலோ, கூரைத் தண்ணீர் ஓடும் தாழ்வாரத் தகரம் அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் சுவருக்குள் இறங்கும். பழைய சுண்ணாம்புக் காரை அந்த ஓதத்தை (ஈரத்தை) மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் வழி அடைபடும். ஓதம் உள்ளேயே நின்று உத்திர முனையை மக்க வைக்கும். நடுவில் கல் மாதிரி இருக்கும் மரம், முனையில் ஆணி குத்தினால் பொதபொதவென்று உள்ளே போகும். ஒரு பழைய ஆலயத்துக்கு நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய கெடுதல் இந்தச் சிமெண்ட் பூச்சுதான்.

சுண்ணாம்பு அடிப்பதிலும் பக்குவம் உண்டு. நீர்த்த சுண்ணாம்பு குறைந்தது 2 வாரம் ஊற வேண்டும். சுவரை முதலில் நனைத்து, பால் பதத்தில் 5 கை (பூச்சு) அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் செதிலாக உதிரும். மலையில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் இந்த வேலையே கூடாது. பனி விட்ட பிறகு, பிப்ரவரி பாதிக்கு மேல் தொடங்கி, மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான் அடக்கமானார்கள். இப்படிப்பட்ட பழைய கல்லறைக் கல்லில் படியும் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலும் ஆசிட் ஊற்றினாலும் பாசியோடு எழுத்தும் போய்விடும். நல்ல தண்ணீரும் மெதுவான நைலான் பிரஷ்ஷும் போதும். கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும்.