ராஜராஜனுக்கு வெல்வெட் வேண்டாம்

ராஜராஜ சோழன் பிறந்த நாளான ஐப்பசி சதயம் நெருங்கினால் ஊருக்கு ஊர் மேடையில் அவர் வந்து நிற்பார். வெல்வெட் அங்கி, இறகு செருகிய தலைப்பாகை, வளைந்த வாள். பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து நம் கம்பெனி நாடகங்கள் எடுத்துக்கொண்ட உடுப்பு அது. 985 முதல் 1014 வரை ஆண்டவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களைப் பாருங்கள்: திறந்த மார்பு, இடையில் துணி, மேனியெல்லாம் நகை. ராஜராஜனும் அவருடைய குரு கருவூர்த்தேவரும் என்று சொல்லப்படும் ஓவியத்தில் மகுடம்கூடக் கிடையாது, கொண்டைதான். அந்தக் கொண்டையோடு மேடையேறத் துணிபவர் யாராவது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இடைக்குப் பத்து முழ வேட்டி, பஞ்சகச்சம். முழுப்பட்டு வழுக்கும், பருத்தியே நல்லது. முதலில் இடுப்பில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டி, கொசுவத்தை அதற்குள் செருகி ஊக்குக் குத்துங்கள். காலை அகட்டி நின்றுதான் கட்ட வேண்டும். சேர்த்து வைத்துக் கட்டினால் சிம்மாசனத்தில் உட்காரும்போது பின்கச்சம் பிடுங்கிக்கொள்ளும்.

கண்டிகை என்ற கழுத்தணி, தோள்வளை, வயிற்றைச் சுற்றும் பட்டையான உதரபந்தம் எல்லாவற்றுக்கும் 5 மி.மீ. ஃபோம் ஷீட் போதும். பெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு, காய்ந்தபின் தங்க வண்ணம். தோள்வளையைத் தட்டையாக வைத்து வண்ணம் பூசினால், கையில் வளைத்ததும் வெடித்துவிடும். ஒரு டப்பாவில் சுற்றி வைத்துப் பூசுங்கள்.

பலரும் மறப்பது மைக். சட்டை இல்லாத மார்பில் காலர் மைக்குக்கு இடமில்லை, வியர்வையில் டேப்பும் ஒட்டாது. மார்பில் தொங்கவிட்டால் நகை உரசும் சத்தம்தான் கேட்கும். மைக்கை நெற்றிக்கு மேல் முடியோரத்தில் பொருத்தி, ஒயரை முதுகுப்பக்கம் இறக்கி, பெட்டியை உதரபந்தத்துக்குப் பின்னால் மறைத்துவிடலாம்.

வசனத்துக்கு எதுகை மோனை தேடி அலைய வேண்டாம். கோயில் கல்வெட்டிலேயே அவர் குரல் இருக்கிறது: "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்..." மனைவியருக்கு முன்னால் அக்காள் குந்தவையைச் சொல்கிறார், கவனியுங்கள். இதைக் கர்ஜித்தால் கெட்டுவிடும். எழுதுபவனுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு 'குடுத்தனவும்' முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள்.